ஐஸ் செய்தவர் இன்ஜின் செய்த கதை: கேலாங் வெயிலில் ஏர்கான் போட்டால் கார் ஏன் தளர்கிறது?

பிற்பகல் 2 மணி. கேலாங். சிம்ஸ் அவென்யூ ஓரமாக ஒரு லாரி நிற்கிறது. டுரியான் கூடைகளை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் காருக்குள் ஏறுகிறீர்கள். இருக்கை சுடுகிறது, ஸ்டீயரிங்கைத் தொட முடியவில்லை. முதல் வேலையாக ஏர்கான் பொத்தானை அழுத்துகிறீர்கள்.

சன்னமாக ஒரு 'டக்'. இன்ஜின் சத்தம் ஒரு நொடி தாழ்ந்து, பிறகு தன்னைத் தானே சமாளித்துக்கொள்கிறது. வண்டியை எடுத்தால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. சின்ன காராக இருந்தால் இன்னும் நன்றாகவே தெரியும்.

மனப்பிரமை இல்லைங்க, உண்மைதான். குளிரூட்டிக்கும் இன்ஜினுக்கும் இடையே நடக்கும் இந்த இழுபறியைப் புரிந்துகொள்ள, ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்ல வழி. அவர் பெயரை நீங்கள் பெட்ரோல் நிலையத்தில் நூறு தடவையாவது பார்த்திருப்பீர்கள். எண்ணெயின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஓர் ஆளின் குடும்பப் பெயர்.

ருடால்ஃப் டீசல். இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் அவர் 10 ஆண்டுக்கு மேல் பார்த்த வேலை, ஐஸ் செய்வது.

பாரிஸில் பிறந்த ஜெர்மானியச் சிறுவன்

1858ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். அப்பா தோல் பொருள் செய்யும் சிறு பட்டறை வைத்திருந்தார். பெரிய வசதி கிடையாது. பாரிஸில் பழைய இயந்திரங்களுக்கென்று ஓர் அரும்பொருளகம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் நீராவியால் ஓடிய மூன்று சக்கர வண்டி ஒன்று அங்கே இருக்கிறது. சிறுவன் ருடால்ஃபுக்கு மிகவும் பிடித்த இடம் அது.

1870இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஊரும் பள்ளியும் நண்பர்களும் பாரிஸில்தான், ஆனால் ரத்தம் ஜெர்மன். குடும்பம் வெளியேற வேண்டியதாயிற்று. லண்டனுக்குப் போனார்கள். அங்கே எல்லாரும் சேர்ந்து பிழைக்க வழியில்லை. 12 வயதுப் பையனைத் தனியாக ரயிலேற்றி, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே மாமா கணித ஆசிரியர். பையன் படிப்பில் பிடித்துக்கொண்டான். பொறியாளராகப் போகிறேன் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதினான். உபகாரச் சம்பளம் கிடைத்து 1875இல் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனார்.

நம் கதை உண்மையில் தொடங்குவது அங்கேதான்.

ஒரு வகுப்பு, ஒரு கணக்கு

மியூனிக்கில் அவருக்கு வாய்த்த பேராசிரியர் கார்ல் வான் லிண்டே. நவீனக் குளிர்பதன இயந்திரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். பீர் ஆலைகள் அவரது இயந்திரத்துக்காக வரிசையில் நின்ற காலம் அது.

1878இல் நடந்த ஒரு வகுப்பில் வெப்பவியல் பாடம். எரிபொருளில் இருக்கும் வெப்பத்தில் எவ்வளவு பங்கு உண்மையான வேலையாக மாறுகிறது என்ற கணக்கை லிண்டே சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைய நல்ல நீராவி இன்ஜினிலேயே 10 விழுக்காட்டைத் தாண்டவில்லை. மிச்சம் 90 விழுக்காடு புகைபோக்கி வழியாகவும் வேறு வழிகளிலும் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. 20 வயது மாணவர் குறிப்பேட்டின் ஓரத்தில் அதைப் பற்றி ஒரு வரி எழுதிவைத்தார். அதற்குப் பிறகு அந்த எண் அவரை விடவே இல்லை.

லிண்டேயின் குளிர்பதன இயந்திரமும் இன்ஜினும் ஒரே விஷயத்தின் இரண்டு திசைகள். இன்ஜினில் சூட்டைக் கொடுத்து வேலையை வாங்குகிறோம். குளிர்பதன இயந்திரத்தில் வேலையைக் கொடுத்துச் சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளுகிறோம். வாயுவை அழுத்தினால் அது சூடாகும். அந்தச் சூட்டை வெளியே விட்டுவிட்டு, வாயுவை விரியவிட்டால் சில்லென்று ஆகிவிடும். உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியும் காரின் ஏர்கானும் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன. லிண்டே காலத்தில் அமோனியா, இன்று வேறு திரவம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதாவது குளிர் சும்மா கிடைப்பதில்லை. யாராவது அழுத்தும் வேலையைச் செய்தாக வேண்டும். உங்கள் காரில் அதைச் செய்வது கம்ப்ரசர். பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் அந்தக் கம்ப்ரசரைச் சுழற்றுவது இன்ஜினோடு இணைந்த ஒரு பெல்ட். பொத்தானை அழுத்தியதும் கேட்டதே அந்த 'டக்', கம்ப்ரசர் இன்ஜினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட சத்தம்.

நம் வட்டாரத்துக்கு நெருக்கமான ஒரு கதையும் உண்டு. மலாய்த் தீவுகளிலும் தென்கிழக்கு ஆசியாவின் வேறு பகுதிகளிலும் தீ மூட்ட ஒரு சின்னக் குழாயைப் பயன்படுத்தினார்கள். ஒரு பக்கம் மூடிய குழாய், அதற்குள் இறுக்கமாகப் பொருந்தும் தண்டு, தண்டின் நுனியில் துளி பஞ்சு. தண்டை ஓங்கிக் குத்தினால் உள்ளே அடைபட்ட காற்று சட்டெனச் சூடாகிப் பஞ்சு பற்றிக்கொள்ளும். தீப்பெட்டி வேண்டாம், உரசல் வேண்டாம். மாணவப் பருவத்தில் டீசல் இப்படியொரு குழாயைப் பார்த்தார், இன்ஜின் யோசனை அதிலிருந்துதான் வந்தது என்று பலரும் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அவரே எழுதிவைத்தது என்னவோ அந்த வகுப்பையும் அந்த 10 விழுக்காட்டையும் பற்றித்தான். ஆனால் அவர் கடைசியில் செய்த இயந்திரம் அந்தக் குழாயின் பிரம்மாண்ட வடிவம் என்பதில் சந்தேகமில்லை.

பத்தாண்டு ஐஸ்

1879இல் டைபாய்டு காய்ச்சல் வந்து இறுதித் தேர்வைத் தவறவிட்டார். மறுதேர்வுக்காகக் காத்திருந்தபோது சுவிட்சர்லாந்தின் வின்டர்டூரில் சுல்சர் நிறுவனத்தில் கைவேலை பழகினார். 1880 தொடக்கத்தில் தேர்வு எழுதி, மிக உயர்ந்த மதிப்பெண்ணோடு வெளியே வந்தார்.

பேராசிரியரே வேலை கொடுத்தார். பாரிஸில் லிண்டேயின் ஐஸ் ஆலையை நிறுவும் பணி. விரட்டப்பட்ட ஊருக்கே திரும்பினார். சீக்கிரமே அந்த ஆலைக்கு நிர்வாகியானார். கண்ணாடிபோலத் தெளிவான ஐஸ் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1883இல் மார்த்தாவைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று பிள்ளைகள்.

வெளியே பார்த்தால் நிம்மதியான வாழ்க்கை. ஆனால் மாலை நேரங்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் வேறொரு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தன. குளிர்பதனத்தில் பழகிய அமோனியாவை வைத்தே ஓர் இன்ஜின் ஓட்ட முடியாதா என்று பல ஆண்டு முட்டிமோதினார். நடக்கவில்லை. அமோனியா ஆபத்தானது, சின்ன கசிவு வந்தாலே அறையில் நிற்க முடியாது.

அந்தத் தோல்வியில்தான் அடுத்த யோசனை பிறந்தது. அமோனியா எதற்கு? காற்றே போதுமே.

தீப்பொறி இல்லாத இன்ஜின்

யோசனை இதுதான். சிலிண்டருக்குள் வெறும் காற்றை இழு. அதை மிகக் கடுமையாக அழுத்து. அழுத்திய சூட்டில் காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். அந்த நேரம் பார்த்து எரிபொருளைக் கொஞ்சமாக உள்ளே செலுத்து. பற்றவைக்க ஒன்றும் தேவையில்லை, தானாகவே எரியும்.

1892 பிப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மறு ஆண்டு 67207 என்ற எண்ணில் கிடைத்தது. கோட்பாட்டை விளக்கி ஒரு புத்தகமும் எழுதினார். அதில் அவர் போட்ட கணக்கு துணிச்சலானது: வெப்பத்தில் 73 விழுக்காட்டை வேலையாக மாற்ற முடியும் என்றார். நீராவி இன்ஜினோ 10. படித்த பலர் சிரித்தார்கள். கணக்கில் இருந்த சில ஓட்டைகள் அவருக்கே பிறகு புரிந்தன. அழுத்தத்தைப் பெருமளவு குறைத்துத் திட்டத்தை மாற்றிக்கொண்டார். ஆனால் ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை நம்பியது. குருப் நிறுவனமும் பணம் போட முன்வந்தது.

1893 ஆகஸ்ட் 10. முதல் சோதனை. எரிபொருள் பற்றியது, கூடவே அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. துண்டுகள் அங்கிருந்தவர்களை உரசாத குறையாகப் பறந்தன. இன்ஜின் ஓடவில்லை. ஆனால் அழுத்திய காற்று எரிபொருளைப் பற்றவைக்கும் என்பது நிரூபணமாகிவிட்டது.

1894 பிப்ரவரி 17. வெளியிலிருந்து பெல்ட்டால் சுழற்றிக்கொண்டிருந்த இன்ஜின், திடீரென்று தானே அந்தப் பெல்ட்டை இழுக்கத் தொடங்கியது. ஒரு நிமிடம்தான் ஓடியது. பக்கத்தில் நின்ற தொழிலாளி ஒன்றும் பேசாமல் தொப்பியைக் கழற்றினார் என்று சொல்வார்கள்.

அதற்கப்புறமும் மூன்று ஆண்டு. 1897 பிப்ரவரியில் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முறைப்படி சோதித்தார். ஏறக்குறைய 20 குதிரைத்திறன், ஆளைவிட உயரமான ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம். செயல்திறன் 26.2 விழுக்காடு. 73 எங்கே, 26 எங்கே என்று கேட்கலாம். ஆனால் உலகத்தில் அதற்குமுன் எந்த வெப்ப இன்ஜினும் அதைத் தொட்டதில்லை. இன்று கார்களில் ஓடும் நல்ல டீசல் இன்ஜின்கள் 40 விழுக்காட்டையொட்டி நிற்கின்றன, பெரிய கப்பல் இன்ஜின்கள் 50ஐத் தாண்டுகின்றன. 73 இன்னும் எட்டாத எண்தான்.

காற்றும் ஒரு எரிபொருள்தான்

சரி, இதில் வானிலை எங்கே வருகிறது?

நாம் பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறோம், அதனால் பெட்ரோல்தான் இன்ஜினின் உணவு என்று நினைக்கிறோம். டீசலின் வடிவமைப்பைப் பார்த்தால் உண்மை பளிச்சென்று தெரியும்: முதலில் உள்ளே போவது காற்று. எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போகிறதோ அந்த அளவுக்குத்தான் எரிபொருளை எரிக்க முடியும். சிலிண்டரின் கொள்ளளவு மாறாது. அதற்குள் அடங்கும் காற்றின் எடை மாறும்.

சூடான காற்று விரிந்து மெலிந்திருக்கும். 20 டிகிரியிலிருந்து 32 டிகிரிக்குப் போனால், அதே இடத்தில் அடங்கும் காற்று சுமார் 4 விழுக்காடு குறைகிறது. அதோடு நம் ஊரின் ஈரப்பதம். ஈரமான காற்று கனமானது என்றுதான் எல்லாரும் சொல்வோம், உடம்பு அப்படித்தான் உணர்கிறது. அறிவியல் நேர்மாறாகச் சொல்கிறது. நீராவி மூலக்கூறு, நைட்ரஜனையும் ஆக்சிஜனையும்விட எடை குறைந்தது. சிங்கப்பூர்க் காற்றில் 100 மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ 3 நீராவிதான். அந்த இடத்தில் ஆக்சிஜன் இருந்திருக்கலாம், ஆனால் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டது. எம்ஆர்டியில் இருக்கையில் பையை வைப்பதுபோல.

இரண்டையும் சேர்த்தால், மிதமான ஈரப்பதத்தோடு 20 டிகிரி இருக்கும் ஓர் ஊரைவிட, கேலாங் பிற்பகலில் உங்கள் இன்ஜினுக்குள் போகும் ஆக்சிஜன் சுமார் 6 விழுக்காடு குறைவு. நெரிசலில் நின்றால் நிலைமை இன்னும் மோசம். இன்ஜின் மூடிக்கு அடியில் தேங்கும் சூடு, வெளிக்காற்றைவிடப் பல டிகிரி அதிகம். அந்தக் காற்றைத்தான் இன்ஜின் உறிஞ்சுகிறது. பெட்ரோல் இன்ஜினில் இன்னொரு தொல்லையும் உண்டு. உள்ளே வரும் காற்று அதிகச் சூடாக இருந்தால் எரிபொருள் நேரங்கெட்ட நேரத்தில் வெடிக்கப் பார்க்கும். அதைத் தடுக்க, காரின் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும். அதிலும் கொஞ்சம் வலு போகும்.

டீசல் இன்ஜினுக்கு இதில் ஒரு சின்ன அனுகூலம். அது ஒவ்வொரு முறையும் தேவைக்கு மேலான காற்றை இழுத்துக்கொள்ளும். வேகத்தைக் கட்டுப்படுத்துவது எரிபொருளின் அளவுதான். அதனால் சாதாரணமாக ஓடும்போது காற்று கொஞ்சம் மெலிந்தாலும் பெரிதாகத் தெரியாது. முழுச் சுமையோடு மேட்டில் ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும், கறுப்புப் புகையாக. குளிர் நாடுகளில் டீசல் வண்டிக்குக் காலையில் உயிர் கொடுப்பது பெரும்பாடு. காற்றைப் போதுமான அளவு சூடேற்ற முடியாது. நமக்கு அந்தக் கவலை இல்லை.

விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்குப் போய்க் கொடைக்கானல் மலையேறியிருக்கிறீர்களா? கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவர் அண்ணன் ஏசியை அணைத்துவிடுவார். கஞ்சத்தனம் என்று நினைத்திருப்பீர்கள். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே இன்ஜின் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கம்ப்ரசரையும் சுமக்கச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

சின்னப் பட்டறைக்காகக் கண்ட கனவு

டீசல் எதற்காக இவ்வளவு பாடுபட்டார்? பணம் ஒரு காரணம், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது.

அன்றைய நீராவி இன்ஜின் பெரிய முதலாளிக்கு மட்டுமே கட்டுப்படியாகும். பெரிய கொதிகலன், நிறைய நிலக்கரி, நிறைய இடம். நெசவாளி, தச்சர், தன் அப்பாவைப்போலத் தோல்வேலை செய்பவர், இவர்களெல்லாம் அதோடு போட்டிபோட முடியாமல் நசிந்துகொண்டிருந்தார்கள். சிக்கனமான சின்ன இன்ஜின் ஒன்று இருந்தால் அவர்கள் சொந்தக் காலில் நிற்பார்கள் என்று அவர் நம்பினார். தொழிலாளர்கள் சேர்ந்து தாங்களே தொழிலை நடத்துவதைப் பற்றி 1903இல் ஒரு புத்தகம் எழுதினார். 10,000 பிரதிகள் அச்சிட்டார்கள். விற்றது சில நூறு. தன் இன்ஜினைவிட அந்தப் புத்தகத்தைத்தான் பெரிதாக நினைத்தார் என்பது அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்வது. எனக்கு அவர் வாழ்க்கையில் மனத்தைத் தொட்ட இடம் இதுதான். கேலாங் லோரோங்குகளில் ஒரே கதவு, ஒரே முதலாளி, இரண்டு ஊழியர் என்று நடக்கும் கார்ப் பட்டறைகளைப் பார்க்கும்போது, இப்படியொரு கடையைத்தானே அவர் மனத்தில் வைத்திருந்தார் என்று தோன்றும்.

நடந்தது வேறு. உரிமத்தை வாங்கியவர்கள் பெரிய நிறுவனங்கள். 1897இல் அமெரிக்க உரிமைக்கு பீர் தொழிலதிபர் அடால்ஃபஸ் புஷ் மட்டும் 10 லட்சம் மார்க் கொடுத்தார். ஐஸ் ஆலை ஊழியர் ஒரே ஆண்டில் கோடீஸ்வரர். ஆனால் முதலில் விற்ற இன்ஜின்கள் வாடிக்கையாளர் கையில் பழுதாகிக்கொண்டே இருந்தன. ஆக்ஸ்பர்க்கில் தன் பெயரில் தொடங்கிய தொழிற்சாலை ஊற்றிக்கொண்டது. காப்புரிமை வழக்குகள் வேறு. தலைவலி, தூக்கமின்மை, கடைசியில் மனம் தளர்ந்து சிகிச்சை இல்லத்தில் சில மாதங்கள்.

1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவர் இன்ஜினுக்கு உயரிய பரிசு. அங்கே ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள், பார்த்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. மியூனிக்கில் அரண்மனை மாதிரி ஒரு வீடு கட்டினார். நிலத்திலும் எண்ணெய்க் கிணற்றிலும் பணத்தைப் போட்டார். இன்ஜினில் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் கணக்குப் பார்த்தவர், சொந்தப் பணத்தில் அதைச் செய்யவில்லை.

காருக்கும் லாரிக்கும் ஏற்ற சின்ன டீசல் இன்ஜினையும் அவர் விடாமல் முயன்றார். 1908 வாக்கில் செய்த சிறிய வடிவம் சரிவரவில்லை. எரிபொருளைத் துல்லியமாகச் செலுத்தும் பம்பு அன்று இல்லை. கடல்தான் அவரது இன்ஜினை முதலில் வரவேற்றது. 1912இல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல், டீசல் இன்ஜினோடு கோப்பன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குப் புறப்பட்டது. ஆழ்கடலில் அப்படி ஓடிய முதல் பெரிய கப்பல்களில் ஒன்று. நீராவிக் கப்பல்களே பழகிய கண்களுக்கு, புகைபோக்கி இல்லாத அதன் தோற்றம் விநோதமாக இருந்தது.

கடலில் ஓர் இரவு

1913 செப்டம்பர் 29. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்தின் ஹார்விச்சுக்குப் போகும் டிரெஸ்டன் கப்பலில் ஏறினார். இங்கிலாந்தில் ஒரு புதிய டீசல் தொழிற்சாலை தொடர்பான வேலை. இரவு உணவை நண்பர்களோடு சாப்பிட்டார். காலையில் 6.15 மணிக்கு எழுப்பச் சொல்லிவிட்டுச் சுமார் 10 மணிக்கு அறைக்குப் போனார்.

காலையில் ஆள் இல்லை. படுக்கை கலையவில்லை. இரவு உடை மடித்தபடியே இருந்தது. தொப்பியும் மேலங்கியும் கப்பலின் பின்தளக் கம்பியருகே கிடைத்தன. நாட்குறிப்பில் அந்தத் தேதிக்கு நேராகச் சிறிய சிலுவைக் குறி.

பத்து நாளுக்குப் பிறகு ஒரு டச்சுப் படகு கடலில் ஓர் உடலைக் கண்டது. அடையாளம் காண முடியாத நிலை. மாலுமிகள் சட்டைப்பையிலிருந்த மாத்திரைப் பெட்டி, கண்ணாடிக் கூடு போன்ற பொருள்களை எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அந்தப் பொருள்கள் அப்பாவுடையவைதான் என்று மகன் ஆய்கன் உறுதிசெய்தார். டீசலுக்கு வயது 55.

புறப்படுவதற்கு முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத்தான் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். உள்ளே ரொக்கப் பணமும் வங்கிக் கணக்குகள் காலியாகிவிட்டதைக் காட்டும் தாள்களும். போர் நெருங்கிக்கொண்டிருந்த காலம் என்பதால், நிலக்கரி முதலாளிகள் கொன்றார்கள், உளவாளிகள் கொன்றார்கள் என்று செய்தித்தாள்கள் வரிந்துகட்டின. இன்றும் யூடியூபில் அந்தக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. வாழ்க்கை வரலாறு எழுதியவர்களில் பெரும்பாலோர், கடனும் மனச்சோர்வும் அவரை அந்த முடிவுக்குத் தள்ளியதாகவே கருதுகிறார்கள். அந்தப் பையைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இன்ஜினும் ஐஸும் ஒரே மூடிக்கு அடியில்

அவர் பார்க்காத இரண்டு விஷயங்கள் பிறகு நடந்தன. 1920களில் நம்பகமான எரிபொருள் பம்பு வந்தது. 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்ற டீசல் கார் விற்பனைக்கு வந்தது. 1940ஆம் ஆண்டுக்கான பேக்கார்ட் கார்களில் குளிரூட்டி வந்தது. அந்த முதல் ஏர்கானை அணைப்பது எப்படித் தெரியுமா? வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, கம்ப்ரசர் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

ஆக, லிண்டேயின் ஐஸ் இயந்திரமும் அவருடைய மாணவரின் இன்ஜினும் ஒரே மூடிக்கு அடியில் சந்தித்துக்கொண்டன. சிங்கப்பூரில் அந்தச் சந்திப்பைப் பல்லாண்டு காலம் பார்த்தவர்கள் டாக்சி ஓட்டுநர்கள். ஹைபிரிட் கார்கள் வரும்வரை இங்கே டாக்சி என்றாலே பெரும்பாலும் டீசல்தான், நாள் முழுக்க ஏர்கானோடு.

அந்தச் சந்திப்புக்கு விலை எவ்வளவு? முழு வீச்சில் ஓடும் கார்க் கம்ப்ரசர், இன்ஜினிலிருந்து சுமார் 3 முதல் 5 குதிரைத்திறன் வரை எடுத்துக்கொள்ளும். 200 குதிரைத்திறன் உள்ள காரில் அது கொசுக்கடி. 65 குதிரைத்திறன் உள்ள சின்ன காரில், அதுவும் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, நன்றாகவே உறைக்கும். இப்போதைய கார்களில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் கணினியே சில நொடி கம்ப்ரசரைக் கழற்றிவிடும். அந்த நேரத்தில் சில்லென்ற காற்று லேசாக மந்தமாவதைக் கவனித்திருக்கலாம்.

எரிபொருள் விஷயத்தில் கணக்கு இன்னும் சூடு. கடும் வெப்பத்தில், குறிப்பாகக் குறுகிய பயணங்களில், ஏர்கானால் ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம் 25 விழுக்காட்டுக்கும் மேல் குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. கேலாங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்குச் சாப்பிடப் போவது அப்படிப்பட்ட பயணம்தான். வெயிலில் வெந்த காரைக் குளிரவைக்கவே பாதித் தூரம் போய்விடும்.

மழை கொட்டி ஓய்ந்தபின் கார் துள்ளி ஓடுவதுபோலத் தோன்றுகிறதே, அது? கொஞ்சம் நிஜம். 32 டிகிரி 25 டிகிரிக்கு இறங்கினால் காற்று அடர்த்தியாகும். ஈரப்பதம் 100 விழுக்காட்டை நெருங்கினாலும், குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது என்பதால், காற்றிலுள்ள தண்ணீரின் அளவு பெரிதாக மாறுவதில்லை. எல்லாம் சேர்ந்து இன்ஜினுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் 2 விழுக்காடுபோலக் கூடும். ஆனால் நீங்கள் உணரும் துள்ளலில் பெரும்பங்கு ஏர்கானால் வருவது. குளிரவைக்க வேண்டிய சூடு குறைந்ததும் கம்ப்ரசர் பிடியைத் தளர்த்துகிறது.

இதை உங்களுக்குச் சாதகமாகவும் பயன்படுத்திக்கொள்ளலாம். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் முதல் ஓரிரு நிமிடம் சன்னலைத் திறந்துவைத்து ஓட்டி, உள்ளே தேங்கிய சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு ஏர்கானைப் போட்டு, உள்காற்றே சுழலும் பொத்தானை அழுத்துங்கள். 32 டிகிரி வெளிக்காற்றைத் திரும்பத் திரும்பக் குளிரவைப்பதைவிட, ஏற்கெனவே குளிர்ந்த காற்றைச் சுழற்றுவது கம்ப்ரசருக்குச் சுலபம். டுரியான் வாங்கிக்கொண்டு வரும் நாளில் மட்டும் உள்காற்று வேண்டாம், அனுபவஸ்தர்களைக் கேட்டுப் பாருங்கள். நண்பருக்காகக் காத்திருக்கும்போது இன்ஜினை ஓடவிட்டு ஏர்கானில் உட்கார்ந்திருப்பது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். தேசிய சுற்றுப்புற அமைப்பு அபராதம் விதிக்கலாம்.

மின்சாரக் காருக்கு மாறினால்? அதற்கு மூச்சே தேவையில்லை, அதனால் வெயிலும் ஈரமும் மோட்டாரின் ஆக்சிஜனைத் திருடுவதற்கு வழியில்லை. குளிரூட்டி மட்டும் விடாது. கம்ப்ரசரை மின்கலம் சுழற்றும், அந்த அளவுக்கு ஓடும் தூரம் குறையும்.

2025 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவுசெய்ய முடியாது. ஏற்கெனவே பதிவான டீசல் கார்கள் சாலையில் இருக்கின்றன. சரக்கு லாரிகளுக்கு அந்தத் தடை இல்லை. சிம்ஸ் அவென்யூவில் டுரியான் இறக்கும் வண்டி இன்னும் அழுத்திய காற்றின் சூட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் பார்க்க நினைத்த சின்ன இன்ஜினும் வந்தது, அவர் இறந்து 20 ஆண்டு கழித்து, ஜப்பானில். 1933இல் யான்மார் நிறுவனர் மகோகிச்சி யமாவோகா, விவசாயிகளும் மீனவர்களும் வாங்கக்கூடிய சிறிய டீசல் இன்ஜினைச் செய்து காட்டினார். 1957இல் அவர் ஜப்பானிலிருந்து பெரிய பாறைகளைக் கப்பலேற்றி, டீசலின் நினைவாக ஆக்ஸ்பர்க் பூங்காவில் ஒரு தோட்டம் அமைக்கக் கொடுத்தார். அந்தப் பாறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன.